மணவறைக் கமராவின் மறுபெயர்

போன ஆவணியில் நீர்வேலியில் என் சித்தியின் மகளுக்குக் கல்யாணம். நான் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் கல்வி நிலையத்தின் மண்டபத்தில்தான் நடந்தது. சித்தப்பா கனடாவில் சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில். தாலி கட்டுவதை அவருக்கு நேரலையில் காட்டும் பொறுப்பு என்னுடையது. மண்டபத்துக்குள் கைபேசியில் கதைக்கலாமே தவிரப் படம் போகாது.

எங்கள் நிலையத்தில் இணையத்துக்குப் போகும் எதுவும் ப்ரொக்சி என்ற இடையாள் வழியாகத்தான் போகவேண்டும். கமரா உள்ளேயே இருப்பதால் அதற்கு இடையாள் வேண்டாம். அதனால் நேரலை மென்பொருளின் விலக்குப் பட்டியலில் கமராவுக்கு நாங்கள் வைத்த பெயரை முதல் நாளே போட்டுவைத்தேன். அப்படியும் கமராவைக் காணவில்லை என்று திரை அடம்பிடித்தது! கமராவோ என் கண்ணெதிரே மணவறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ப்ரொக்சியை நிறுத்தினால் இணையமே போய்விட்டது. மணப்பெண் கூறைச் சேலை மாற்ற எழுந்துவிட்டாள். திரும்பி வந்ததும் தாலிதான்.

அந்த நேரம் பார்த்து ஒருவர் பூச்செண்டோடு வந்து, ஒரு பெண்ணின் முழுப்பெயரைச் சொல்லி விசாரித்தார்.

"அப்பிடி ஒருத்தரும் இஞ்சை இல்லை அண்ணை, வேறை எங்கையும் கேளுங்கோ" என்று எரிந்துவிழுந்தேன்.

போய்க்கொண்டிருந்த மணப்பெண் திரும்பினாள். "ஐயோ அக்கா, அது எங்கடை அம்மாவின்ரை பதிவுப் பேர்! அப்பா அனுப்பியிருப்பார்!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறந்ததில் இருந்து சித்தியை வீட்டுப் பெயரால்தான் எனக்குத் தெரியும். எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான், வீட்டில் ஒரு பெயர், பதிவில் இன்னொன்று.

அப்போதுதான் யோசித்தேன். மென்பொருள் கமராவை எந்தப் பெயரால் கூப்பிடுகிறது? பார்த்தால், ஐபி என்ற இலக்க முகவரியால்! நான் விலக்கில் போட்டதோ நாங்கள் வைத்த பெயர். இரண்டும் ஒன்றுதான் என்று அந்தப் பட்டியலுக்கு எப்படித் தெரியும்? உள்ளே நிற்கும் கமராவைத் தேட, மென்பொருள் வெளி வேலைக்கான ப்ரொக்சியை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது.

இலக்க முகவரியையும் சேர்த்தேன். கூறையோடு அவள் உள்ளே நுழையும்போது படம் வந்தது. மேளம் முழங்கத் தாலி ஏறியது. சித்தியின் கைபேசியில் சித்தப்பாவின் குரல் தழுதழுத்தது. "தெரியுது பிள்ளை, வடிவாத் தெரியுது." எனக்கும் கண் கலங்கிவிட்டது.

பிறகு சித்தியின் பக்கத்தில் போய் இருந்து, அவருடைய முழுப்பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டேன். இப்போதெல்லாம் 'இல்லை' என்று சொல்ல வாய் திறக்கும்போதே, கண்ணெதிரே நிற்பவரைத்தான் நான் இன்னொரு பெயரில் தேடுகிறேனோ என்று ஒரு கேள்வி வந்து என்னை நிறுத்திவிடுகிறது.