கங்காணியின் நாய்

மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தைவிட்டு ஓடுகிற கூலிகளைப் பிடிக்கக் கங்காணி வளர்த்த நாய் அது. ஒருமுறை யாரையும் கடிக்காமல் திரும்பி வந்ததற்காக, அதை மண்வெட்டிப் பிடியால் அடித்துப் பால்மரக் காட்டில் எறிந்துவிட்டான். நான் தூக்கி வந்தேன்.

கை ஓங்கினாலே கடித்தது. என் மணிக்கட்டுச் சதை கிழிந்தது. “அடிச்சுக் கொன்னுரு புள்ள,” என்றார் கணவர். நான் பழந்துணியைக் கவ்வவிட்டு, “விடு” என்றதும் விட்டால் கஞ்சி கொடுத்துப் பழக்கினேன்.

ஒருநாள், காய்ச்சலில் கிடந்த கணவரை வேலைக்கு இழுக்க வந்த கங்காணி, அவர் முகத்தில் பிரம்பால் விளாசினான். நாய் பாய்ந்து அவன் கையைக் கவ்வியது. எலும்பு நொறுங்கியது.

“ஏ புள்ள, விடச் சொல்லு!” என்று அலறினான்.

கணவரின் முகத்து ரத்தத்தைத் துடைத்த பிறகே, “விடு” என்றேன். உடனே விட்டது.

அன்றே நாயோடு மூவரும் தோட்டத்தைவிட்டு ஈப்போ நகருக்கு நடந்தோம்.