செம்மறி அசைபோட்ட அலை

ஆம்பூரில் உட்கார்ந்தபடியே வேலூர்ச் செம்மறி ஒன்றின் மூளையைப் படித்துவிட்டாள் கெசியா. சரி, இது கொஞ்சம் ஜாஸ்திதான். படித்தது வேலூரிலேயே, ஆடு கட்டியிருந்த கொட்டகையில், அதன் பக்கத்தில் நின்று. மற்றதெல்லாம் உண்மை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் ஜெபராஜின் மகள் அவள். காட்பாடிக்கு ரயிலேறி, வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு வேலைக்குப் போகிறவள். வலிப்பு நோயாளிகளின் தலைக்குள் பதிக்க, சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கருவி செய்வதுதான் அவள் வேலை. மூளையின் மின்னலைகளைப் பிடித்து அது வெளியே அனுப்ப வேண்டும், அதுவும் கம்பியில்லாமல். கம்பி தோலைத் துளைத்து வெளியே வந்தால் அந்த வழியாகவே கிருமி உள்ளே போகும் என்பது அவள் பிடிவாதம். முதல் கருவி ஈரம் இறங்கிச் செத்தது. அடுத்தது சூடாகிச் செத்தது. அதற்கடுத்தது செம்மறியின் தலையில் உயிரோடு இருந்தது.

மேலே போகலாமா, மூட்டை கட்டலாமா என்று முடிவுசெய்ய நிபுணர்கள் வந்தார்கள். திரையில் பெரிய பெரிய அலைகள் ஒரே தாளத்தில் ஓடின.

"அடேயப்பா, இன்னா சிக்னல்!" என்றார் அவளுடைய தலைவர் எலியாஸ். வந்தவர்களும் தலையாட்டினார்கள்.

கெசியாவின் கண் ஆட்டின் தாடைக்குப் போனது. அலை ஏறும்போதெல்லாம் தாடையும் அசைந்தது. அவள் வாயை மூடிக்கொண்டால் கருவி தேறிவிடும். ஆனால் நாளைக்கு ஒரு நோயாளி முறுக்கு மென்றாலும் வலிப்பு என்று அது அலறும்.

"சார், இது மூளை இல்ல. ஆடு அசை போடுது. தாடைத் தசைதான் இப்படி அடிக்குது."

எலியாஸின் முகம் தொங்கியது. "இப்பவா சொல்லுவ?"

"அப்புறம் சொன்னா இன்னும் பேஜாரு சார்."

"அப்போ மூளை எங்கம்மா?" என்றார் நிபுணர்களில் மூத்த பெண்மணி.

"மெல்றத நிறுத்தினா தெரியும் மேடம்."

"தைரியந்தான். எந்த ஊரு நீ?"

"ஆம்பூர்."

அந்தப் பெயர் காதில் விழுந்ததுதான் தாமதம், செம்மறி மெல்வதை நிறுத்திவிட்டது. பிரியாணி ஊராயிற்றே! காது விறைக்க அப்படியே நின்றது. பெரிய அலைகள் அடங்கின. அடியிலிருந்து, நடுங்கும் கையெழுத்துப்போல ஒரு சின்ன அலை திரையில் ஊர்ந்தது. பார்க்க லட்சணமில்லை, ஆனால் மூளைதான்.

"மெல்லுற அலையக் கழிக்க வழி பண்ணு. அடுத்த கட்டத்துக்குப் போலாம்," என்றார் பெண்மணி.

"ஊர் பேரும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா," என்றார், நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆட்டுக் கொட்டகைக்காரர் சமீருல்லா. "கெசியாம்மா கண்ணக் காட்டுச்சு. நான்தான் ஆட்டுக்குப் பின்னாடி நின்னு தீவன பக்கெட்ட தட்டுனேன்."