இழைப்புளியில் உட்கார்ந்திருந்த கிளிகள்

எனக்குப் பழைய கைக்கருவிகள் மேல் ஒரு பித்து. அண்ணாமலையார் கோயில் பக்கத்தில் தேங்காய், கற்பூரம் விற்கிறவனுக்கு உளியும் சுத்தியலும் எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய இரும்புக் கடைக் குவியலில் ஒன்றைக் கண்டால் கை தானாகப் போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்து துரு போகத் தேய்த்து, எந்தக் கம்பெனி, எந்த ஊர்ச் சரக்கு என்று முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதில்தான் ருசி.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வீட்டை ஒழித்தபோது, கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை என் மனைவி வெளியே இழுத்துப் போட்டாள். கார்த்திகை தீபத்துக்குச் சொந்தக்காரர்கள் வந்தால் சாமான் வைக்க இடம் வேண்டும். அவள் கேட்டதில் தப்பில்லை.

“பேர் தெரிஞ்சது இருக்கட்டுங்க. பேர் தெரியாததெல்லாம் பூஜைக்கு மறுநாள் இரும்புக் கடை வண்டிக்குப் போயிடும். சொல்லிட்டேன்.”

பேர் தெரியாததில் எனக்கு உயிரானது, தச்சர்கள் பலகையை இழைக்கும் ஒரு மர இழைப்புளி. அதன் இரும்பு பிளேடில் ஏதோ முத்திரை இருப்பது விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே கருப்பாய் மின்னியதுதான் மிச்சம்.

தேரடி வீதியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். அவருக்கும் இதே பித்து. கல்லாவுக்கு மேலே ஒரு உளியை மாட்டி வைத்திருக்கிறார். அதில் அரைகுறையாக ஒரு பறவை தெரியும். ‘ஜெர்மன் கழுகு’ என்று கடைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார்.

என் இழைப்புளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்ணா, இது யாரோ பட்டறையில அடிச்ச டூப்ளிகேட்டு. எடைக்குப் போட்டுட்டு வேற வேலயப் பாருங்க” என்றார்.

பூஜையன்று பேர் தெரிந்த கருவிகளுக்கு மட்டும் என் மனைவி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். இழைப்புளி வாசலோரம் சாக்கில் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. எத்தனையோ வீட்டுக் கதவுக்கு உழைத்த இரும்பு, பூஜை இல்லாமல் போகலாமா? ‘அண்ணாமலையாரே, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று பிளேடைக் கழற்றி, மூன்று விரலால் விபூதியைப் பட்டையாகப் பூசினேன்.

மறுநாள் காலையில் தெருமுனையில் இரும்புக் கடைக்காரர் குரல் கேட்டது. கடைசியாக ஒரு தரம் என்று பிளேடைத் துணியால் துடைத்தேன். மேலே இருந்த விபூதி போய்விட்டது. பள்ளத்தில் இறங்கியது போகவில்லை. கருத்த இரும்பில் வெள்ளை வெளேரென்று இரண்டு கிளிகள் ஒரே மாம்பழத்தை ஆளுக்கொரு பக்கம் கொத்திக்கொண்டிருந்தன! கீழே ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பேரட், மெட்ராஸ்.

மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

போட்டோ அனுப்பிய கொஞ்ச நேரத்தில் நண்பர் உளியும் கையுமாக பைக்கில் வந்து இறங்கினார். அதற்கும் விபூதி பூசித் துடைத்தேன். அதே வளைந்த மூக்கு, அதே மாம்பழம். இன்னொரு கிளிதான் தேய்ந்து போயிருந்தது.

“போச்சு! என் ஜெர்மன் கழுகு மெட்ராஸ் கிளியாயிடுச்சுண்ணா!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம் ஜாஸ்தி.

என் மனைவி விடவில்லை. “தெனம் கோயில்ல கிளி கோபுரத்து வழியா உள்ள போய் வர்றீங்க. ரெண்டு பேருக்கும் ஒரு கிளிய அடையாளம் தெரியல!”

அதற்குள் வண்டி வாசலில் வந்து நின்றது. “பழைய இரும்பு இருக்குதாம்மா?”

“ஒண்ணுமில்லப்பா, நீ போ” என்றாள்.

உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து இழைப்புளிக்குப் பொட்டு வைத்தாள். பிறகு சாக்குக்குள் கையை விட்டு, பேர் தெரியாத சுத்தியல் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“இதுக்கும் பூசுங்க, பார்க்கலாம்.”