கொழுந்துக் கணக்கு

பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இன்று ஐந்தாம் தர வகுப்பைப் பார்வையிடப் போயிருந்தேன்.

பிள்ளைகளின் சூழலிலிருந்தே உதாரணம் எடுங்கள் என்று ஆசிரிய ஆலோசகராக நான் கருத்தரங்கு கருத்தரங்காகச் சொல்லி வருகிறேன். அந்த இளம் டீச்சர் அதை அப்படியே செய்தார்.

"அம்மா காலையில பதினோரு கிலோ, பகல்ல ஒன்பது கிலோ கொழுந்து எடுத்தாங்க. மொத்தம் எத்தனை கிலோ?"

முன்வரிசைச் சிறுமி எழுந்தாள். "டீச்சர், அன்னைக்கு மழையா, வெயிலா?"

"அது எதுக்கு? கணக்க மட்டும் பாரு."

"மழைன்னா நிறுக்கையில ஈரத்துக்கும் கிலோ வெட்டுவாங்க டீச்சர். வெயில்னா சாக்கோட எடைக்கு மட்டும்தான்."

வகுப்பில் பாதிப்பேர் கழித்துத்தான் எழுதியிருந்தார்கள். இருபது என்று எழுதியவனைப் பக்கத்திலிருந்தவன் சீண்டினான்: "ஒங்கம்மாவுக்கு மட்டும் வெட்ட மாட்டாங்களோ?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகிறது. "இப்படியே எழுதினா புள்ளி போயிருமே மேடம். நான் என்ன சொல்றது?"

எனக்கும் வேறு வழி தெரியவில்லை. "பரீட்சையில கழிக்கக் கூடாது, கொடுத்தத அப்படியே கூட்டுங்க" என்று நானே பிள்ளைகளிடம் சொன்னேன்.

அந்தச் சிறுமி விடையை அழித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப பரீட்சைக்காரங்க மட்டும் சரியா நிறுப்பாங்களா மேடம்?"

தலையாட்டிவிட்டு வந்து பஸ் ஏறினேன்.

கணிதம் கற்பிப்பவர்கள் யாராவது அவளுக்கு ஒரு நல்ல பதில் சொல்லுங்கள். பாடப்புத்தகத்து மாம்பழக் கணக்கே போதும் என்று மட்டும் சொல்லாதீர்கள். வரும் வழியெல்லாம் நானே அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.