தவிலுக்கு ஒரு அனுமதிச் சீட்டு

1995 ஆவணி, வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்கு நெல்லைச் சந்திப்பில் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினேன். கல்லிடைக்குறிச்சியில் நண்பன் சங்கரனின் தங்கைக்குக் கல்யாணம். சென்னையிலிருந்து இரவெல்லாம் உட்கார்ந்தே வந்த அலுப்பு, பேட்டை நிலையத்தைத் தாண்டி வயல்காற்று முகத்தில் பட்டதும் போய்விட்டது. கார்ப் பருவ நெல் பழுக்கத் தொடங்கியிருந்தது. மீட்டர் கேஜ் வண்டிக்கு அவசரம் கிடையாது. கொக்குகள்கூட அதைப் பார்த்துப் பறக்கவில்லை.

சேரன்மகாதேவியில் ஒருவர் உறை போட்ட தவிலோடு ஏறினார். வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். எனக்கு எதிரே ஜன்னலோரத்தில் தவிலை வைத்துவிட்டு அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காத்து வாங்கட்டும் தம்பி. முகாமில அதுக்குச் சன்னல் இல்லை” என்றார்.

பேச்சைக் கேட்டதுமே ஊர் புரிந்துவிட்டது. பெயர் சிவகுரு, யாழ்ப்பாணத்து இணுவில்காரர். ஐந்து வருஷத்துக்கு முன் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு படகில் வந்தவர். இப்போது சேரன்மகாதேவிக்குக் கிழக்கே உள்ள அகதிகள் முகாமில் இருக்கிறார். சங்கரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேசியிருந்த தவில்காரருக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால், நாதஸ்வரக்காரர் இவரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

“பின்னேரம் ஆறு மணிக்கு முகாமில பேர் கூப்பிடுவினம். நான் அங்க நிக்க வேணும். இல்லாட்டி இனி வாசிக்க வெளியில விடமாட்டினம்” என்றவர், “உங்களையும் அப்பிடி ஆரும் கூப்பிடுவினமோ?” என்று கேட்டார்.

“வீட்டில் மட்டும்தான்” என்றேன். வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் வாசித்ததைப் பற்றி நான் என்ன எழுத? கெட்டிமேளம் முடிந்த பிறகும் பந்தியை நோக்கி ஓடாமல் ஒரு கல்யாணக் கூட்டம் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். பிற்பகல் நலங்கின்போது பெண்கள் விடவில்லை. “இன்னும் ஒண்ணே ஒண்ணு வாசிங்கோ” என்று மணப்பெண்ணே கேட்டபோது அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வாசித்தார்.

நானும் அன்று மாலையே நெல்லைக்குத் திரும்ப வேண்டும். அடுத்த ரயில் இருட்டிய பிறகுதான் என்பதால், மூன்றரை மணிக்கு இருவரும் பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். பஸ் இல்லை. ஒரு மந்திரி மணிமுத்தாறு அணையைப் பார்வையிட வருகிறாராம்; அவர் கடந்து போகும்வரை சாலையில் ஒரு வண்டியும் ஓடக்கூடாதாம். மந்திரி எப்போது வருவார் என்று காவலரிடம் கேட்டேன். “அது அவருக்கே தெரியாது சார்” என்றார். நான்கு மணியும் ஆனது. சிவகுரு தவிலைத் தோளிலிருந்து இறக்கவேயில்லை. முகத்தில் சிரிப்பு போயிருந்தது. “மகளின்ர படிப்புக்கு இந்த வாசிப்புத்தான் தம்பி” என்று மட்டும் சொன்னார்.

கல்யாண மண்டபத்துக்குத் திரும்பி ஓடினோம். வாடகைப் பாத்திரங்களை ஏற்றிப்போக ஒரு வேன் அப்போதுதான் வந்திருந்தது. டிரைவர் இசக்கிமுத்து விக்கிரமசிங்கபுரத்துக்காரர், மில் தொழிலாளியின் மகன். விஷயத்தைச் சொன்னதும் அண்டாக்களை ஒதுக்கி இடம் செய்தார்.

“ரோட்டைத்தான வே அடைச்சிருக்காவ? கன்னடியன் கால்வாய்க் கரை எதுக்கு இருக்கு? ஏறுங்க அண்ணாச்சி, பைய போயிருவோம்.”

பைய போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னாலிருந்த அண்டாக்கள் தனிக்கச்சேரி நடத்தின. அந்தச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் இசக்கிமுத்து கேட்டார்: “அண்ணாச்சிக்கு அங்கன எந்த ஊரு?”

“இணுவில்.”

வண்டியின் வேகம் குறைந்தது. “நான் அங்கன ஆறு மாசம் இருந்தேன்” என்றார் இசக்கிமுத்து. “பட்டாளத்துல. அமைதி உண்டாக்கணும்னு அனுப்புனாவ.”

சிவகுரு அவரையே பார்த்தார். பிறகு, “பயமா இருந்ததோ தம்பி?” என்று கேட்டார்.

“பயந்தான். யாருக்கும் யாருக்கும் அமைதின்னு கேட்டேன். அது ஒனக்கெதுக்குலேன்னாவ. ஒரு வீட்டுக் கதவத் தட்டுனா, உள்ள இருக்கவுக எனக்குப் பயப்படுதாவ. நான் அவுகளுக்குப் பயப்படுதேன். எங்க ரெண்டு பேருக்கும் என்ன சண்ட? டெல்லியில இருக்கவன் சொல்லுதான், பட்டாளத்துக்காரன் செய்யுதான். அதான் வந்ததும் வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வேன் ஓட்டுதேன். இப்போ கூப்பிட்டவுக வீட்டுக்கு மட்டுந்தான் போறது.”

சிவகுருவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“நல்ல கொள்கை” என்றார். “நான் எத்தினையோ கொடிகளுக்குக் கீழ இருந்திட்டன் தம்பி. ஒவ்வொருத்தரும் என்னைக் காப்பாத்தத்தான் வந்தவை. வந்த எல்லாரும் முதல்ல கேட்டது, தவில் அடிக்க ஆரிட்ட அனுமதி எடுத்தனீ எண்டுதான்.”

சேரன்மகாதேவியை நெருங்கும்போது கரைப்பாதை பெரிய சாலையில் போய்ச் சேர்ந்தது. வேறு வழியில்லை. அங்கே தடுப்பு; பக்கத்தில் வியர்த்து வழியும் காவலர் ஒருவர். மணி ஐந்தரை ஆகிவிட்டது. கையை உயர்த்தி நிறுத்தியவர் உள்ளே எட்டிப் பார்த்தார். தவிலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“வரவேற்பு மேளமா? ஏன் வே இவ்வளவு நேரம்? பந்தல்ல சத்தம் போடுதாவ. போங்க, போங்க!”

இசக்கிமுத்து என்னைப் பார்த்தார். நான் சிவகுருவைப் பார்த்தேன். அவர் உறைக்கு மேலாகவே தவிலில் ஒரு தட்டுத் தட்டினார். தடுப்பு உயர்ந்தது.

மந்திரிக்காகக் காலியாக்கிய அகலமான சாலையில் எங்கள் வேன் மட்டும் பறந்தது. வரவேற்பு வளைவுக்குக் கீழே மாலையோடு நின்றவர்கள் எங்களைக் கண்டு கைதட்டினார்கள். கரைவேட்டிக்காரர் ஒருவர் நிற்கச் சொல்லிக் கையாட்டினார். இசக்கிமுத்து அதைவிட மரியாதையாகக் கையாட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

ஆறு மணிக்குச் சற்று முன்பே முகாம் வாசலில் நின்றோம். சிவகுரு குதித்து உள்ளே ஓடினார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார். பின்னால் மனைவியும் மகளும்.

“பேர் கூப்பிட ஆளில்லை!” என்றார். “அந்த ஐயாவும் மந்திரியை வரவேற்கப் போயிட்டாராம்!”

பாத்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு நாங்கள் மூவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிவகுருவின் மனைவி சுடச்சுடப் பிட்டும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவந்தார். இசக்கிமுத்து வாங்கத் தயங்கினார். “நான் அங்கன பட்டாளத்துல இருந்தவன் அக்கா” என்றார்.

“இவர் எனக்குச் சொல்லிப்போட்டார். பசியோட நிக்காமச் சாப்பிடுங்கோ” என்றார் அந்த அம்மாள்.

ஆறு மணிக்கு மேல் முகாமில் மேளம் அடிக்க அனுமதி இல்லை. கேட்பதற்கு அன்று அதிகாரியும் இல்லை. சிவகுரு வேனின் பின்பலகையில் உட்கார்ந்து உறையைக் கழற்றினார். குடிசைகளிலிருந்து ஆட்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கால் மணி நேரம் வாசித்தார். இசக்கிமுத்து தட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

இசக்கிமுத்துவே என்னை நெல்லைச் சந்திப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். நான் விடைபெறும்போது சொன்னார்: “ஆறு மாசம் அந்த ஊர்ல இருந்தேன் சார். ஒரு நாள்கூட ஒரு மேளச் சத்தம் கேக்கல. மேளத்துக்குப் பேர்போன ஊருன்னு இன்னைக்குத்தான் தெரியுது.”

எங்கள் சென்னை அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அயல்நாடுகளுக்கெல்லாம் வாயாலேயே படை அனுப்புவோம். தயிர்சாதம் முடிவதற்குள் அங்கே அமைதி வந்துவிடும். திங்கட்கிழமை அந்தப் பேச்சு மறுபடியும் வந்தது. “அவர்கள் நம்மைக் கூப்பிட்டார்களா?” என்று கேட்டேன். ஒருவர் கல்யாணச் சாப்பாடு எப்படி என்று விசாரித்தார். பிட்டைப் பற்றிச் சொன்னேன்.