சேனைத் தேன்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் தேன் என்றால் கருப்பண்ணன்தான். தென்னந்தோப்புகளில் பெட்டி வைத்து எடுக்கும் தேனை அவர் அடுப்பில் காட்டவே மாட்டார். "காச்சினா அது தேனில்லீங்க, பாகு" என்பார். சளி, இருமல், வாய்ப்புண் என்று யார் வந்தாலும் ஒரு கரண்டி நாக்கில் விட்டுத்தான் அனுப்புவார். கலப்படம்தான் ஆபத்து, சுத்தமானது யாரையும் ஒன்றும் செய்யாது என்பது அவர் கண்ட முடிவு.

மகள் தீபிகா பிறந்த பெண் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, சேனை வைப்பது யார் என்று பேச்சு எழுந்தது. முதல் இனிப்பை நாவில் தடவுகிறவரின் குணம் பிள்ளைக்கு வந்துவிடுமாம். சம்பந்தி வெங்கடாசலம் சிரித்தார்.

"நான் வெச்சா கோவக்காரியாத்தான் வருவா. நீங்க வெய்யுங்க சம்பந்தி. தேனீ கொட்டுனாலும் அதைத் திட்டாத மனுசன்!"

"தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம்னு நர்ஸ் சொன்னாங்கப்பா" என்று தீபிகா இழுத்தாள்.

"அது கடைத்தேனுக்குச் சொல்றது சாமி" என்றார் கருப்பண்ணன்.

தங்க மோதிரத்தைத் தேனில் தோய்த்துத் தடவினார். குழந்தை சப்புக்கொட்டியது. வீடே சிரித்தது.

இரண்டு வாரம் போனது. குழந்தைக்கு மலம் கட்டியது. பிறகு பால் இழுக்கவில்லை. அழுகை பூனைக்குட்டியின் முனகலாகச் சுருங்கியது, இமைகள் எழவில்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "தேன் குடுத்தீங்களா?" என்றார்.

வெங்கடாசலம் முந்திக்கொண்டார். "இவரே எடுத்ததுங்கம்மா. அத்தனை சுத்தம்!"

"சுத்தமான தேன்லயும் கிருமியோட வித்து இருக்கலாம். பெரியவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஒரு வயசு ஆகாத குழந்தைக்குக் குடல்ல முளைச்சு விஷம் விடும். அதுவான்னு டெஸ்ட் பண்றோம். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது, மூச்சுக்கு மெஷின் வெச்சாகணும்."

"காச்சியிருந்தா அந்த வித்து செத்திருக்குமுங்களா?" என்றார் கருப்பண்ணன்.

"ஊட்டு அடுப்புக்கெல்லாம் அது சாகாதுங்க."

"பொழைச்சுக்குமுங்களா?"

"பெரும்பாலும் தேறிடுவாங்க. வாரக்கணக்காகும்."

வெளியே வெங்கடாசலம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கருப்பண்ணன் தாங்கியிருப்பார். தீபிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தரைத்தான் உள்ள உடுவாங்களாம். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்கப்பா" என்றாள்.

குழாய்களுக்கு நடுவே கிடந்த சின்ன உள்ளங்கையில் கருப்பண்ணன் விரலை வைத்தார். பிறந்த அன்று பிய்த்தெடுக்க முடியாதபடி பிடித்த கை. இப்போது மடங்கவில்லை.

"புடி சாமி... அப்புச்சி வந்திருக்கறன், புடி."

மெஷின் மூச்சு விட்டது. வேறெதுவும் செய்யத் தெரியாமல், விரலை எடுக்காமலே நின்றார்.