துடைத்த வெள்ளைக் கோடு

என் அக்கா வீட்டுக்காரரை ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் ‘காது’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஓடும் எஞ்சின் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றே, எந்தப் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கீச்சிடும் பெல்ட்டில் சோப்பு தடவிச் சமாளிப்பவர்களை அவருக்குப் பிடிக்காது. அதைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியும்படி வளைத்து, வெடிப்புகளைக் காட்டுவார்.

“இது கத்துது, அதனால தப்பிச்சீங்க. உள்ள டைமிங் பெல்ட்னு ஒண்ணு இருக்கு. அது கத்தவே கத்தாது. கணக்கா இத்தனை கிலோமீட்டருக்கு மாத்திடணும். இல்லன்னா ஒருநாள் அறுந்து எஞ்சினையும் கூட்டிட்டுப் போயிடும்.”

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பெண்ணான என்னைத் தங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, ஒர்க்‌ஷாப்பில் வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைப்பேன். பேச்சு குறைவு, பார்ப்பது அதிகம்.

டைமிங் பெல்ட்டைக் கழற்றும் முன் அது ஓடும் மேல் பல்சக்கரத்திலும் கீழ்ப் பல்சக்கரத்திலும் வெள்ளைப் பெயிண்டால் கோடு போடுவார். புது பெல்ட்டை அந்தக் கோடுகளை வைத்துத்தான் மாட்ட வேண்டும்; ஒரு பல் பிசகினாலும் எஞ்சினுக்குள் வால்வும் பிஸ்டனும் மோதிவிடும். அன்று வந்தது பழைய டாக்சி. கம்பெனி போட்ட குறிகள் துருவில் மறைந்திருந்தன. அவர் கோடு போட்டு, பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சக்கரங்களில் எண்ணெய்ப் பிசுக்கு. யாரும் சொல்லாமல் நானாகத் துடைத்தேன். மேல் சக்கரம் லேசாக நகர்ந்தது. துணியில் காயாத வெள்ளை ஒட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் செய்தது புரிந்தது. துணியை என் பையில் திணித்துக்கொண்டேன்.

அவர் வந்து குனிந்து பார்த்தார். “கோடு போட்டேனே” என்றார். பிறகு மெதுவாக, “போடலையோ?”

நான் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்சிக்காரர் வாசலில் அவசரப்படுத்தினார். மாமா கண் மதிப்பில் பெல்ட்டை மாட்டினார். எப்போதும் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்ப்பவர், அன்று நேரே சாவியைத் திருப்பினார். உள்ளே இரும்பும் இரும்பும் மோதின. வால்வுகள் வளைந்துவிட்டன.

“காதுக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு மேல இருக்கிறதுதான் கழண்டுபோச்சு” என்றார் வண்டித் தகடு நிமிர்த்தும் டிங்கர்காரர். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார்.

வண்டியைச் சரி செய்ய நான்கு நாளானது. அதன்பின் அவர் டைமிங் பெல்ட்டைத் தொடவில்லை. வீட்டில் பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்தார். ஒரு சாயங்காலம் அக்காவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“எங்கப்பாவுக்கு அம்பதுலதானே ஆரம்பிச்சது?”

அவருடைய அப்பா கடைசிக் காலத்தில், பெற்ற மகனையே யாரென்று கேட்டவர்.

“உங்களுக்கு மறதின்னா போன மாசம் நான் வாங்கின புடவையை முதல்ல மறந்திருப்பீங்க” என்றாள் அக்கா.

அவர் சிரிக்கவில்லை. “நாளைக்கு முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன். வேற ஆள் பாத்துக்கட்டும். இல்லன்னா என் மறதியால யாரையாவது கொன்னுடுவேன்.”

மறுநாள் காலை, முதலாளி வருமுன் துணியை அவரிடம் நீட்டினேன். “மாமா, நீங்க கோடு போட்டீங்க. நான்தான் துடைச்சிட்டேன்.”

காய்ந்த வெள்ளையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு டயர் மேல் உட்கார்ந்தார்.

“ரெண்டும் போட்டிருந்தேனா?”

“ரெண்டும்.”

“மேலயும்?”

“மேலயும் மாமா.”

திட்டுவார் என்று நின்றேன். அவர் போனை எடுத்து அக்காவிடம், “எனக்கு ஒண்ணுமில்லடி” என்றார். பிறகு என்னிடம், “நல்லவேளை சொன்னியேம்மா” என்றார். இருபத்துமூன்று நாள் கழித்துச் சொன்னவளிடம்.

டிங்கர்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன காது, கண்ணு கலங்குது?”

“மண்ணெண்ணெய் பட்டுடுச்சு” என்றார் அவர், துணியைச் சட்டைப் பையில் மடித்து வைத்தபடி.

பக்கத்தில்தான் நின்றேன். கோட்டைத் துடைத்தது நான்தான் என்று டிங்கர்காரரிடம் அப்போதும் நான் சொல்லவில்லை.